125 நாட்கள்: எண்ணின் அடியில் இருப்பது

இருபது ஆண்டுகள் நடைமுறையில் இருந்த மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு மாற்றாக, இந்திய நாடாளுமன்றம் 2025 டிசம்பரில் புதிய சட்டமொன்றை நிறைவேற்றியது. குடும்பமொன்றுக்கு ஆண்டுக்கு 100 நாட்கள் என்றிருந்த வேலை 125 நாட்களாக உயர்வதையே நடுவண் அரசு பெருமையாக முன்வைக்கின்றது. மகிழ்வதற்கு முன் அந்த எண்ணின் அடியில் இருப்பதைப் பார்ப்பது அவசியமாகின்றது.

மகாராட்டிரம் 1970களின் கொடும் வறட்சியைக் கண்டபின் 1977இல் இயற்றிய சட்டமே இதற்கெல்லாம் முன்னோடி. அதன் வழிவந்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் உயிர்நாடி, வேலை கேட்கும் உரிமை. விண்ணப்பித்தவருக்கு 15 நாட்களுக்குள் வேலை. தவறினால் வேலையில்லாப் படி. உடலுழைப்புக் கூலி முழுவதும் நடுவண் அரசின் பொறுப்பு. கேட்பவர் எத்தனை பேரோ, அதற்கேற்பவே பணம் ஒதுக்கப்படவேண்டும் என்பது ஏற்பாடு.

தமிழகத்தில் ‘நூறு நாள் வேலை’க்கு வருவோரில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்களே. வயலில் ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கொரு கூலி என்றிருந்த ஊர்களில், கண்மாய் தூர்வாரும் இடத்தில் இருவருக்கும் ஒரே கூலி கிடைத்தது. மரநிழலில் பொழுது போக்குகிறார்கள் என்ற ஏளனத்தை நகரத்தாரிடம் மட்டுமல்ல, விடுமுறையில் ஊர் சென்று திரும்பும் நம்மவரிடமும் கேட்டிருக்கின்றோம். துணையற்ற முதிய பெண்ணொருத்தி வேறு யாரிடம் போய் வேலை கேட்பாள் என்பதை இவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை.

பழைய சட்டம் குறையற்றதன்று. நாடளாவிய சராசரி ஆண்டுக்கு 50 நாட்களையொட்டியே இருந்து வந்தது. செய்த வேலைக்கான கூலியும் மாதக்கணக்கில் தேங்கியது. 2025 சனவரியில் நிலுவையாகவிருந்த 1,056 கோடி ரூபாவை விடுவிக்குமாறு தமிழக முதலமைச்சர் தலைமை அமைச்சருக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. நூறையே எட்டாத கைக்கு நூற்று இருபத்தைந்து எதற்கு?

புதிய சட்டத்தின்படி பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 விழுக்காட்டை ஏற்கவேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்குமான ஒதுக்கீட்டை நடுவண் அரசே முடிவுசெய்யும். அதற்கு மேற்பட்ட செலவு மாநிலத்தின் தலையில். கையில் பணமில்லாத மாநில அரசு, வேலை கேட்டு வருவோரின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டவே முனையும். விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாட்கள் பணிகள் நிறுத்தப்படும் என்பதும் கவலைக்குரியது. ஆட்பற்றாக்குறை பற்றிய உழவர்களின் முறைப்பாடு பொய்யன்று. ஆயினும் கூலியைப் பேரம்பேச வேளாண் தொழிலாளிக்கு ஓரளவு வலுக் கிடைப்பது அந்நாட்களில்தான். அவ்வேளையில் மாற்று வேலையை மூடிவிடுவது யாருக்கு நன்மை பயக்கும்?

ஒதுக்கீட்டு வரம்பை நீக்கி, கூலிச் செலவு முழுவதையும் நடுவண் அரசே மீண்டும் ஏற்கவேண்டும். 125 நாட்கள் பற்றி அதன் பிறகு பேசலாம்.