எட்டு போட்டு வாங்கிய லைசென்ஸ்

உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு பையனுக்கு லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆனால் வீட்டில் யாரும் "எவ்வளவு வேகத்துலடா போனே?" என்று கேட்பதில்லை. "ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல நமக்கு யாரைத் தெரியும்?" என்றுதான் கேட்கிறார்கள்.

அக்கா மகனுக்குப் பத்தொன்பது வயசு. திருச்சி ரோட்டில் 110-ல் போய் ஸ்பீடு கன்னில் மாட்டிக்கொண்டான். அபராதத்தோடு முடிந்துவிடும் என்று இருந்தால், விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. அப்புறம் மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் செல்லாது என்று உத்தரவும் வந்தது. அன்றிலிருந்து அக்காவின் போன்தான். "தம்பி, நீ நாலு பேரோட பழகறவன். கட்சிக்காரங்க யாரையாவது பிடிச்சு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" மச்சான் அதற்கும் மேலே: "அப்படி என்ன கொலையா பண்ணிட்டான்?"

பண்ணவில்லை. ஆனால் சாவைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சென்னை–திருச்சி ரோடும் சேலம் ரோடும் பிரிகிற இடம் இது. மேட்டத்தூர் பக்கம் 2024 செப்டம்பரில், திருச்செந்தூர் போய்த் திரும்பிய வேன் மரத்தில் மோதி ஆறு பேர் இறந்தார்கள். சேலம் ரோட்டு பைபாஸ்களில் நான்கு வழி இரண்டு வழியாகச் சுருங்கிய இடங்கள் வாங்கிய உயிர்களைப் பற்றித் தியாகதுருகத்திலும் சின்னசேலத்திலும் கேட்டால் தெரியும். வேகம் இரண்டு மடங்கானால் மோதும்போது இறங்குகிற அடி நாலு மடங்கு. இது பிளஸ் ஒன் பிசிக்ஸ். பையன் அதில் நல்ல மார்க்.

அவனிடம் கேட்டேன், "ஹைவேயில டூவீலருக்கு எவ்வளவுடா லிமிட்?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "நூறு இருக்கும் மாமா" என்றான். எண்பது என்றதும், ஏதோ அவனை ஏமாற்றுவது போலப் பார்த்தான்.

எனக்கு வயிறு எரிவது இந்த இடத்தில்தான். இவனுக்கு லைசென்ஸ் கொடுத்தபோது என்ன பார்த்தார்கள்? டிரைவிங் ஸ்கூல்காரர் கொண்டுவந்த ஒரே பழைய பைக்கில் வரிசையாகப் பையன்கள் ஏறி எட்டு போட்டார்கள். கால் தரையில் பட்டால் பெயில். முதல் கியரைத் தாண்ட வேலையே இல்லை. எட்டு போட்டு முடித்த கையோடு, வீட்டில் 200 சிசி வண்டி தயாராக நிற்கிறது. தெருமுனையைத் தாண்டினால் நான்கு வழிச்சாலை. லாரி பக்கத்தில் போகும்போது காற்று எப்படி இழுக்கும், எண்பதில் பிரேக் போட்டால் வண்டி எவ்வளவு தூரம் ஓடி நிற்கும் என்று சொல்லிக் கொடுத்தவர் ஒருவர் கூட இல்லை. நீச்சல் தெரியுமா என்று வாளித் தண்ணீரில் சோதித்துவிட்டு ஏரியில் இறக்கிவிட்ட கதை.

அதனால் தண்டனை தப்பு என்று நான் சொல்லவில்லை. சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, அதிவேகத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை முடக்கச் சொன்னது 2015-லேயே. சொன்னது சரிதான். ஆனால் அந்த மூன்று மாதத்தில் பையன் கற்றுக்கொள்வது என்ன? பயிற்சி வகுப்பை முடித்தால்தான் லைசென்ஸைத் திருப்பித் தரவேண்டும் என்று 2019 சட்டத் திருத்தத்தில் எழுதியிருக்கிறார்கள். அப்படி ஒரு வகுப்புக்குப் போய்வந்த பையனை இந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் இன்னும் பார்க்கவில்லை. இங்கிலாந்தில் புதிதாக லைசென்ஸ் எடுத்தவர் இரண்டு வருஷத்துக்குள் ஆறு புள்ளி வாங்கினால் லைசென்ஸே ரத்து; மறுபடி எல்.எல்.ஆர். மாதிரி ஆரம்பித்து, எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் திரும்பப் பாஸ் பண்ண வேண்டும். இங்கே காலண்டரில் மூன்று தாள் கிழிந்தால் போதும்.

யூடியூபர் டி.டி.எஃப். வாசன் 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே வீலிங் செய்து விழுந்தபோது, அவர் லைசென்ஸைப் பத்து வருஷத்துக்கு ரத்து செய்தார்கள். 2033 வரைக்கும் கிடையாது. அதைப் பார்த்துப் பையன்கள் பயந்திருப்பார்கள் என்று நினைத்தேன். நம்ம ஆள் சொல்கிறான்: "அவருக்குப் பத்து வருஷம் மாமா. எனக்கு வெறும் மூணு மாசம்." ரேங்க் கார்டு படிப்பது போல!

இதைவிடக் கொடுமை, அவன் வண்டி ஓட்டுவதை நிறுத்தவே இல்லை. ஹைவே பக்கம் போவதில்லை, அவ்வளவுதான். கடைக்குப் பால் வாங்க அனுப்புவதே அக்காதான். "இங்க எந்த போலீஸ் பிடிக்கப் போறான்?"

போலீஸை விடுங்கள் அக்கா. லைசென்ஸ் முடக்கத்தில் இருக்கும்போது ஓட்டினால் பத்தாயிரம் அபராதம், மூன்று மாதம் வரை சிறை. ஓட்டக் கொடுத்த வண்டி உரிமையாளர் மேலும் தனியாக வழக்குப் போட இடம் இருக்கிறது. பால் கடை வாசலில் ஒரு கிழவி மேல் இடித்துவிட்டால், செல்லும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினான் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். இல்லை, கோர்ட் சொன்னபடி நஷ்ட ஈட்டைக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை உரிமையாளரிடம் வசூல் பண்ணும். ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், வண்டி மச்சான் பேரில்தான் இருக்கிறது. மூன்று மாதம் முடிகிற வரைக்கும் சாவியை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். ஆளைப் பிடிக்க என்னைக் கூப்பிடாதீர்கள்.