பொழுது சாயுமுன் கூலி

வேத வசனம் ஞாயிறு ஆராதனையோடு முடிந்துவிடுவதில்லை. மாத முதல் வாரத்தில், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்குச் சம்பளம் எண்ணிக் கொடுக்கும்போதுதான் அது சோதிக்கப்படுகிறது என்பது என் கருத்து.

கூலியாளின் கூலியை மறுநாள் காலைவரை வைத்திருக்கலாகாது என்கிறது லேவியராகமம் 19ஆம் அதிகாரம். உபாகமம் 24 பொழுது சாயுமுன் கொடுக்கச் சொல்லி, காரணமும் கூறுகிறது: அவன் ஏழை, அந்தக் காசையே நம்பியிருப்பவன்.

ரயில்வே பணியில் ஒப்பந்தக் கூலியாட்களைப் பல ஆண்டுகள் பார்த்தவன் நான். நாலு நாள் தாமதம் நமக்கு ஒரு பொருட்டல்ல. அவர்களுக்கோ அது மளிகைக் கடன், வட்டி, பிள்ளையின் பள்ளிக் கட்டணம். 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் ரயில்வேக்கும் தொழிற்சாலைகளுக்கும் கெடு விதித்தது. வீட்டு வேலையை அது தொடவில்லை. சட்டம் எட்டாத இடத்தில்தான் விசுவாசம் பேச வேண்டும்.

கடையில் கைப்பேசியைக் காட்டி நொடியில் பணம் செலுத்தும் நாம், இவரிடம் மட்டும் "சில்லறை இல்லை, நாளைக்குப் பார்க்கலாம்" என்கிறோம். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக 60 நாள் முன்பே டிக்கெட் எடுக்கிறோம். நாம் இல்லாத நாட்களுக்கு இவர் சம்பளத்தை வெட்டுகிறோம். வேலைக்கு வர மறுத்தது அவரல்ல. வீட்டைப் பூட்டியது நாம்.

சொல்லாமல் லீவு போடுகிறார்களே என்பீர்கள். அதைப் பேசித் தீர்க்கலாம். உழைத்த நாளின் கூலியைப் பிடித்துத் தீர்க்கலாகாது. பிடித்து வைத்த கூலியின் குரல் கர்த்தரின் செவிக்கு எட்டும் என்று யாக்கோபு எச்சரித்திருக்கிறார்.

அன்பர்களே, இந்த ஆண்டு முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிட்டு ரயிலேறுவோம்.