இழுப்பறைக்குள் நடந்ததாகச் சொல்லப்படும் அற்புதம்

சென்ற இதழில் நண்பர் ஒருவர், கவிதை தற்செயலாகவே பிறக்கிறது என்று வாதிட்டு, அதற்குச் சாட்சியாக ஹென்றி பெக்கரலை அழைத்து வந்திருந்தார். பாரிஸில் மேகமூட்டம், யுரேனியம் உப்பையும் போட்டோ பிளேட்டையும் இழுப்பறையில் போட்டு மூடுகிறார், திறந்தால் கதிரியக்கம். கவிஞனும் இழுப்பறையை மூடிவிட்டுக் காத்திருந்தால் போதுமாம். நம்மிடையே காத்திருப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்கு ஒரு விஞ்ஞானியின் ஆசீர்வாதமும் கிடைத்துவிட்டால் அப்புறம் பேச என்ன இருக்கிறது? எனக்கு இருக்கிறது.

1896 பிப்ரவரி 26, 27 தேதிகளில் பாரிஸில் வெயில் சரியாக இல்லை என்பது உண்மை. ஆனால் பெக்கரல் அந்த உப்பைத் தெருவில் கண்டெடுக்கவில்லை. தாத்தா, அப்பா, இவர் என்று மூன்று தலைமுறையாக ஒளிரும் பொருள்களோடு பழகிய குடும்பம் அது. முந்தின வருஷக் கடைசியில் ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டிருந்தார். வெயில் பட்டு ஒளிரும் பொருளும் அப்படியொரு கதிரை வெளிவிடுமா என்பது பெக்கரலின் கேள்வி. அதனால்தான் கறுப்புக் காகிதம் சுற்றிய பிளேட். அதனால்தான் அதன்மேல் உப்பு. மார்ச் 1-ம் தேதி, மங்கலான தடம்தான் விழுந்திருக்கும் என்ற எதிர்பார்ப்போடு பிளேட்டைக் கழுவினார். தடம் அழுத்தமாக இருந்தது. வெயிலே படாமல் இது நடக்குமென்றால் அவருடைய சொந்த ஊகமே ஆட்டம் காண்கிறது. மறுநாளே அகாடமியில் சொல்லிவிட்டார். மே மாதத்திற்குள், ஒளிரும் குணமே இல்லாத யுரேனிய உலோகத்தையும் வைத்துப் பார்த்து, அது உப்பைவிட வலுவாகத் தடம் பதிப்பதையும் எழுதினார்.

தன் ஊகத்துக்கு எதிராக விழுந்த தடத்தைத் தானே அச்சேற்றிய மனிதர். நம் வட்டத்து விமர்சகர் எவராவது, ஐந்து வருஷம் முன்பு தான் தூக்கிப்பிடித்த கவிஞன் வெறும் சோடை என்று தெரிந்த பிறகு அதை எழுதியதுண்டா? நானும் எழுதியதில்லை.

தற்செயல்தான் சகலமும் என்றால் கதிரியக்கம் ஏறக்குறைய நாற்பது வருஷம் முன்பே பிறந்திருக்க வேண்டும். 1850களின் பிற்பகுதியில் நியெப்ஸ் த சேன்விக்தோர் என்பவர், யுரேனியம் உப்பில் தோய்த்த காகிதம் இருட்டிலும் தடம் பதிப்பதைக் கண்டு இதே அகாடமிக்கு எழுதியிருக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை.

பெக்கரலும் சீக்கிரமே வேறு வேலைக்குப் போய்விட்டார் என்பதை நண்பர் சொல்லவில்லை. அந்தக் கதிர்களை அளக்க உட்கார்ந்தவர் மேரி கியூரி. கணவரும் அவர் அண்ணனும் அமைத்த மின்னளவியை வைத்துக்கொண்டு, கையில் கிடைத்த தாதுவையெல்லாம் அளந்தார். சில தாதுக்களில், அவற்றிலிருக்கும் யுரேனியத்துக்குப் பொருந்தாத அளவு வீரியம் தெரிந்தது. உடனே புதுத் தனிமம் என்று கூவவில்லை. அவற்றில் ஒன்றான சால்கோலைட்டைத் தானே செயற்கையாகத் தயாரித்து அளந்தார். அதில் அந்த உபரி இல்லை. அப்புறம்தான், 1898-ல், பொலோனியமும் ரேடியமும். பின் டன் கணக்கில் தாதுவைக் கொதிக்க வைத்துக் கிளறி, 1902-ல் கிடைத்த சுத்தமான ரேடியம் குளோரைடு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. இந்த விகிதத்தில் எழுதித் திருத்துகிற கவிஞன் யாராவது இருந்தால் அவனோடு நான் தற்செயலைப் பற்றிப் பேசத் தயார்.

இதோடு விட்டிருப்பேன். கட்டுரையின் முடிவில் நண்பர், கவிதைச் சொல் ரேடியம்போல் தானே ஒளிர வேண்டும் என்கிறார். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

கியூரி தம்பதிகளுக்கும் அந்த ஒளிமேல் மோகம் இருந்தது. இரவில் கொட்டகைக்குப் போய்ப் பார்த்து நிற்பார்கள். மேரி 1934-ல் ரத்தம் ஊறாத நோயில் இறந்தார். அவருடைய நோட்டுப் புத்தகங்கள் இன்றும் ஈயப் பெட்டியில். ரேடியத்தின் அரையாயுள் 1,600 வருஷம். அணு என்றதும் நம் கவிஞர்கள் நேரே 1945-க்கு, ஹிரோஷிமாவுக்குப் போய்விடுகிறார்கள். பெரிய புகை, பெரிய சாவு, எழுதச் சௌகரியம். நியூஜெர்சியின் ஆரஞ்சு நகரத்துக்கு யாரும் போவதில்லை. அங்கே 1917 முதல் இளம்பெண்கள் கடிகார முகப்பில் ரேடியம் கலந்த வர்ணம் பூசினார்கள். தூரிகை நுனி கூராக இருக்க உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுத்தார்கள்; கெடுதல் இல்லை என்றும் சொன்னார்கள். விளையாட்டுக்கு நகத்திலும் பல்லிலும் பூசிக்கொண்டு இருட்டில் சிரித்தவர்கள் உண்டு. அந்த வர்ணத்தில் ஒளிர்ந்தது ரேடியம்கூட அல்ல, கூடக் கலந்த துத்தநாக சல்பைடு. ரேடியம் தன் வேலையைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்தது. கால்சியம் என்று ஏமாந்து எலும்பு அதை வாங்கி வைத்துக்கொண்டது. தாடை அழுகியது. 1927-ல் ஐந்து பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1928-ல் சமரசம்: தலைக்கு 10,000 டாலர், வருஷத்துக்கு 600.

அதற்கு முன், 1925-ல், அந்த மாவட்டத்தின் பிரேதப் பரிசோதனை அதிகாரி ஹாரிசன் மார்ட்லண்ட், இறந்துபோன ஒரு பெண்ணின் எலும்புகளைப் பிலிமோடு சேர்த்து வைத்து இருட்டில் விட்டார். கழுவியபோது தடம் விழுந்திருந்தது. பெக்கரல் செய்த அதே சோதனைதான், உப்பு இருந்த இடத்தில் எலும்பு.

நண்பர் அடுத்த இதழில் பதில் எழுதப்போவதாகக் கேள்வி. எழுதட்டும். இந்த இரண்டாவது தடத்துக்கும் தற்செயல் என்றுதான் பெயர் வைப்பாரா என்று அறிய ஆவலாயிருக்கிறேன்.