உடையாத ஷீட்டுக்குச் சொன்ன சமாதானம்

"சிமெண்டோடு சேர்ந்து இறுகிப்போச்சு, நார் எப்படி வெளியே வரும்?" நெய்வேலி வட்டாரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார் பற்றிப் பேச்செடுத்தால் கொத்தனாரும் கடைக்காரரும் படித்தவர்களும் சொல்லும் பதில் இது. புது ஷீட்டை அசையாமல் கிடத்தி வைத்திருக்கும்வரை அதில் ஓரளவு உண்மை உண்டு. அறுத்தால், துளையிட்டால், உடைத்தால் இல்லை. மழை மெல்ல மெல்லச் சிமெண்டைக் கரைக்கிறது. பழுப்பு நிலக்கரி எரியும் ஊரில் கந்தகப் புகையும் சேர்ந்து அரிக்கிறது. பழைய கூரையின் மேற்பரப்பில் நார் வெளியே தலைகாட்டுகிறது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தில் எத்தனை கூரைகளைப் பெயர்த்துப் போட்டது! உடைந்த ஷீட் நம் ஊர்களில் குப்பையாகக்கூட மதிக்கப்படுவதில்லை. பள்ளம் நிரப்பவும் வாசல் சேற்றை மூடவும் போகிறது. அதன்மேல் வண்டி ஏறி ஏறித் தூளாகிறது.

"பார்த்தாலே தெரியாதா?" தெரியாது. கல்நார் கலக்காத ஷீட்டும் பார்வைக்கு அதே சாம்பல் நிறம்தான். துண்டொன்றை எடுத்து, அமிலத்தில் சிமெண்டைக் கரைத்து, ஒளிவிலகல் எண் 1.550 உள்ள எண்ணெயில் நாரை இட்டு, முனைவாக்க ஒளி நுண்ணோக்கியில் பார்த்தால் வெள்ளைக் கல்நார் தன் நிறங்களால் அடையாளம் காட்டும். பழுப்பு, நீல வகைகளுக்கு வேறு எண்ணெய்கள் வேண்டும். காற்றில் மிதக்கும் நாரை எண்ணும் சாதாரண நுண்ணோக்கிக்கு 0.2 மைக்ரானைவிட மெல்லிய நார் தென்படாது. எது கல்நார், எது வேறு நார் என்று பிரித்துச் சொல்லவும் அதனால் இயலாது. அதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

"எங்க அப்பா காலத்திலிருந்து இதுக்குக் கீழதானே தூங்குறோம்" என்பது அடுத்த வாதம். நார் நுரையீரலுக்குள் போனதற்கும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வெளிப்படுவதற்கும் இடையே பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. இந்தத் தாமதம் உச்ச நீதிமன்றத்துக்குப் புரிந்திருந்தது. கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேடுகளை 40 ஆண்டுகள் காக்க வேண்டும் என்று 1995-லேயே உத்தரவிட்டது. வெள்ளை வகை சாது என்ற பேச்சும் எடுபடாது. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம் உண்டு. 1962-ல் சோவியத் உதவியோடு உற்பத்தியைத் தொடங்கிய நெய்வேலியின் 600 மெகாவாட் முதல் அனல் மின் நிலையம் 2020-ல் மூடப்பட்டது. அந்தத் தலைமுறை மின் நிலையங்களில் கொதிகலனுக்கும் நீராவிக் குழாய்க்கும் கல்நார்க் காப்பு சுற்றுவது உலகெங்கும் வழக்கமாக இருந்தது. கையால் நசுக்கினாலே உதிரும் பொருள் அது. சிமெண்ட் சமாதானம் அதற்குச் செல்லவே செல்லாது. கல்நார் இருக்கிறது என்பதற்காகவே 2006-ல் அலாங் கப்பல் உடைப்புத் தளத்துக்கு வந்துகொண்டிருந்த கிளமென்சோ என்ற போர்க்கப்பலைப் பிரான்ஸ் பாதிவழியில் திருப்பி அழைத்துக்கொண்டது. மூடிய மின் நிலையமோ, பழைய குடியிருப்போ, எதை இடித்தாலும் கட்டருக்கும் கடப்பாரைக்கும் முன்பாக ஒவ்வொரு பகுதியிலிருந்தும் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். அந்த முடிவு, உள்ளே போகும் ஒப்பந்தத் தொழிலாளியின் கையில் தமிழில் இருக்க வேண்டும்.