‘எங்களுக்குத் தெரியாது’ என்ற பழைய பல்லவி

2025 ஆகஸ்ட் மாதம். புதுச்சேரி மிஷன் வீதி. நள்ளிரவு கடந்துவிட்ட நேரம். ஊர் உறங்கிக்கொண்டிருந்தது, ஒரு ‘ரெஸ்டோ பார்’ மட்டும் உறங்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து நண்பர்களோடு வந்திருந்த ஒரு கல்லூரி மாணவர் அங்கே மூண்ட தகராறில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். உடன் வந்தவரும் காயம்பட்டார். பாரில் வேலை செய்த ஊழியரைப் போலீசார் கைது செய்தனர்.

படிக்க அனுப்பிய பிள்ளையைப் பிணமாக வாங்கிக்கொண்டு போனது ஒரு குடும்பம். குத்திய கைக்குத் தண்டனை வேண்டும். அதில் யாருக்கும் இரண்டு கருத்து இல்லை. ஆனால் கை மட்டும்தான் குற்றவாளியா? ஊர் உறங்கும் நேரத்தில் கதவைத் திறந்து வைத்திருக்கச் சொன்னது எந்த வாய்? அந்த வியாபாரத்தின் லாபம் போய்ச் சேர்ந்தது எந்தப் பை? அதைத்தான் நாம் கேட்கிறோம்.

பெயர் உணவகம், தொழில் வேறு

மது நம் ஊருக்குப் புதிதல்ல. 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது, குடிக்க விரும்பியவர்கள் எல்லை தாண்டி பிரெஞ்சுப் புதுச்சேரிக்கு வந்தார்கள். 1954 நவம்பர் 1-ந் தேதி வெள்ளைக்காரன் நிர்வாகத்தை ஒப்படைத்தான். கடைகளோ நின்றுவிட்டன. இன்றும் குடிக்க அனுமதிக்கப்படும் வயது தமிழ்நாட்டில் 21, இங்கே 18. வாரக் கடைசியில் பஸ் பஸ்ஸாக மாணவர்கள் ஏன் வந்து இறங்குகிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

2021-ல் பதவிக்கு வந்த என்.ஆர். காங்கிரஸ்–பா.ஜ.க. ஆட்சியின் காலத்தில், ‘சுற்றுலா’ என்ற பெயரைச் சொல்லி ரெஸ்டோ பார்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன. சம்பா கோயிலும் கலவைக் கல்லூரிப் பள்ளியும் உள்ள அதே மிஷன் வீதியும் தப்பவில்லை. பலகையில் எழுதியிருப்பது உணவகம். உள்ளே நடப்பது மது, காதைப் பிளக்கும் ‘டி.ஜே.’ பாட்டு, ஆட்டம். ஆடை களைந்து ஆடும் விடுதிக்கு நம் நாட்டில் எந்தச் சர்க்காரும் லைசென்சு கொடுப்பதில்லை. ஆனால் உணவகத்துக்கு வாங்கிய லைசென்சின் மறைவில் எதை நடத்தினாலும் கேட்பாரில்லை என்றால், அந்தச் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தானே?

தெரியாதாம்!

எங்கே ஒரு பாரில், ஒரு விடுதியில், ஒரு நடனக் கூடத்தில் போதைப்பொருள் பிடிபட்டாலும், பெண்களை வைத்துத் தொழில் நடந்தது அம்பலமானாலும், அடிதடி கொலையில் முடிந்தாலும், நிர்வாகஸ்தர்கள் பாடும் பல்லவி ஒன்றுதான்: “எங்களுக்குத் தெரியாது. வாடிக்கையாளர் செய்தது, சிப்பந்தி செய்தது, நிர்வாகத்துக்குச் சம்பந்தமில்லை.”

பலே! ஒரு பெக் அளவு குறைந்தால் அன்றிரவே கண்டுபிடிக்கிற நிர்வாகம் இது. ஒரு கண்ணாடித் தம்ளர் உடைந்தால் சிப்பந்தியின் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பார்த் தொழிலாளியைக் கேட்டாலும் சொல்வார். வாசலில் தடியாட்கள், கூரையில் கேமரா, மேஜைக்கு மேஜை கணக்கு. தம்ளர் உடைவது தெரிகிறது. தலை உடைவது மட்டும் தெரியாதாம்!

சட்டம் என்ன சொல்கிறது? 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 25-வது பிரிவு, தன் கட்டிடத்தில் அக்குற்றம் நடக்கத் தெரிந்தே இடம் கொடுத்த உரிமையாளரையும், அதைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரையும் தண்டிக்கிறது. ‘தெரிந்தே’ என்ற அந்த ஒரு சொல்தான் முதலாளி நழுவி ஓடும் சந்து.

அந்தச் சந்தை அடைக்க வழியே இல்லையா? உண்டு. 1956-ம் வருஷத்து விபசாரத் தடுப்புச் சட்டத்தைப் பாருங்கள். ஒரு கட்டிடத்தில் சோதனை நடந்து, அங்கே விபசாரம் நடந்தது கண்டுபிடிக்கப்பட்டு, அந்தச் செய்தி அந்த வட்டாரத்துப் பத்திரிகையில் வெளிவந்தால், கட்டிடக்காரர் தெரிந்துதான் இடம் கொடுக்கிறார் என்று அந்தச் சட்டம் அனுமானித்துக்கொள்கிறது. இல்லையென்று நிரூபிக்கும் பாரம் அவர் தலையில் விழுகிறது. குற்றத்துக்கு இடம் கொடுத்தது ஓட்டலாக இருந்தால், அதன் லைசென்சை மூன்று மாதத்துக்குக் குறையாமல் ஒரு வருஷம் வரை நிறுத்தி வைக்கவும் அதே சட்டம் வழி செய்கிறது.

ஆக, ‘தெரியாது’ என்ற சாக்கைச் சட்டம் எழுதியவர்களே நம்பவில்லை. நம் அதிகாரிகள் மட்டும் ஏன் நம்புகிறார்கள்? லைசென்சைக் கையில் வாங்கியவன், தன் கூரைக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் கடமையையும் சேர்த்துத்தான் வாங்குகிறான். தெரிந்திருந்தால் அவன் உடந்தை. தெரியாவிட்டால் லைசென்சுக்கு லாயக்கற்றவன். மூன்றாவது வழி கிடையாது.

பம்பாய் காட்டிய பாடம்

“சரி, ஆட வரும் பெண்களைப் பிடித்து அடையுங்கள்; ஒழுக்கம் தானே திரும்பும்” என்று சில கனவான்கள் யோசனை சொல்கிறார்கள். அதையும் ஒரு சர்க்கார் செய்து பார்த்தது.

2005-ல் மகாராஷ்டிர சர்க்கார் நடன பார்களுக்குத் தடை போட்டது. யாருக்குத் தடை? சாதாரண பார்களுக்கு மட்டும். மூன்று நட்சத்திர ஓட்டல்களுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும், பெரிய மனிதர்களின் கிளப்புகளுக்கும் விலக்கு! ஏழை பார்க்கும் ஆட்டம் ஆபாசம். சீமான் பார்க்கும் ஆட்டம் கலை! இந்த வேடிக்கையை 2006-ல் பம்பாய் ஐகோர்ட் ரத்துச் செய்தது. 2013-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது.

இடைப்பட்ட ஆண்டுகளில் என்ன நடந்தது? சுமார் 75 ஆயிரம் பெண்களின் பிழைப்பு போயிற்று என்று வழக்கில் எடுத்துச் சொல்லப்பட்டது. பலர் வேறு வழியின்றி விபசாரத்தில் தள்ளப்பட்டதைச் சுப்ரீம் கோர்ட்டே தன் தீர்ப்பில் குறிப்பிட்டது. பெண்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லி வந்த தடை, அந்தப் பெண்களையே பாழுங்கிணற்றில் தள்ளியது.

எனவே நாம் தெளிவாகச் சொல்கிறோம்: வயிற்றுப்பாட்டுக்கு ஆட வந்த பெண் நம் எதிரியல்ல. தட்டு ஏந்தும் சிப்பந்தி நம் எதிரியல்ல. அவர்களை முன்னே நிறுத்திவிட்டுப் பின்னால் இருந்து பணப்பெட்டியை எண்ணுகிறவன் மீதுதான் நம் வழக்கு.

கோவாவில் எரிந்தது யார்?

நாம் மிகைப்படுத்துகிறோம் என்று நினைப்பவர்கள் கோவாவைப் பார்க்கட்டும். 2025 டிசம்பர் 6-ந் தேதி இரவு ஆர்ப்போராவில் ஓர் இரவு விடுதி தீப்பிடித்தது. 25 பேர் மாண்டார்கள். மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அங்கே வேலை செய்த தொழிலாளர்கள். மானேஜர்கள் கைதானார்கள். உரிமையாளர்களோ சில மணி நேரத்துக்குள் விமானமேறித் தாய்லாந்துக்குப் பறந்துவிட்டார்கள். நாடே கொதித்தெழுந்த பிறகுதான் அவர்களைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

சாவு தொழிலாளிக்கு, சிறை மானேஜருக்கு, விமானம் முதலாளிக்கு! விதியை மீறி நடத்தும் விடுதிகளின் நியதி இதுதான். கோவாவுக்கு ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று என்று இரண்டு நியதி இல்லை.

“வேலை கொடுக்கிறோமே!”

கடைசியாக ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள். சுற்றுலா வளர்ந்தால் வேலை வளருமாம். பார் மீது கை வைத்தால் இளைஞர் வயிற்றில் அடிப்பதாகுமாம்.

வேலையைப் பற்றி இந்த ஊருக்குப் பாடம் சொல்ல வேண்டாம். 1936 ஜூலை 30-ந் தேதி பிரெஞ்சுப் போலீசின் துப்பாக்கிக்கு 12 மில் தொழிலாளர்களைப் பலி கொடுத்து, எட்டு மணி நேர வேலையை வென்ற ஊர் இது. அந்த மரபில் வந்த ஏ.எப்.டி. மில்லை 2020-ல் இழுத்து மூடினார்கள். மில்லின் சங்கு நின்றது. பாரின் பாட்டு தொடங்கியது. எட்டு மணி நேரத்துக்கு உயிர் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு விடிய விடிய நிற்கும் வேலை! அவர்களில் எத்தனை பேருக்கு நியமனக் கடிதம் உண்டு? எத்தனை பேருக்குச் சேம நிதி, இ.எஸ்.ஐ. உண்டு? நாளைக்கு ஒரு தகராறு என்றால் பிடிபடப் போவது தாம்தான் என்று தெரிந்தே வேலை செய்கிறார்களே, இதற்குப் பெயர் வேலைவாய்ப்பா?

வேலை வேண்டும் என்பதால்தான் நாம் சொல்கிறோம்: ஒழுங்காக நடக்கும் உணவகத்தில், சட்டம் சொல்லும் நேரத்துக்கு, சட்டம் சொல்லும் கூலிக்கு வேலை கொடு!

நாம் கோருவது

முதலாவது: குற்றம் நடந்த பார்களின் வழக்கில் லைசென்சுதாரர் பெயரும் சேர்க்கப்பட வேண்டும். ‘தெரியாது’ என்றால் அதை அவரே நிரூபிக்கட்டும்.

இரண்டாவது: நேரம் மீறிய ஒவ்வொரு பாருக்கும் கலால் துறை என்ன நடவடிக்கை எடுத்தது என்பதைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். கதவு திறந்திருந்ததைக் காணாத அதிகாரியும் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது: பள்ளி, கோயில், குடியிருப்புப் பகுதிகளில் புதிய பாருக்கு லைசென்சு கொடுக்கும் முன் அந்தத் தெரு மக்களைக் கேட்க வேண்டும்.

நான்காவது: பார்த் தொழிலாளர்களுக்கும் அங்கே வேலை செய்யும் பெண்களுக்கும் நியமனக் கடிதமும், வேலை நேரமும், நடக்கும் குற்றத்தை அச்சமின்றிச் சொல்லும் பாதுகாப்பும் வேண்டும். உள்ளே நடப்பதை முதலில் அறிகிறவர்கள் அவர்களே. அவர்கள் வாய் திறந்தால் முதலாளியின் ‘தெரியாது’ ஒரு நாளும் நிற்காது.

ஒரு தாய் தன் பிள்ளையை இழந்துவிட்டாள். அதைத் திருப்பித் தர எந்தச் சட்டத்தாலும் முடியாது. அடுத்த தாய் இழக்காமலிருக்க வேண்டுமானால், கேள்வி சிப்பந்தியிடம் நின்றுவிடக் கூடாது; அது கல்லாப்பெட்டி வரை போக வேண்டும். மிஷன் வீதியின் ஜனங்களே, அந்தக் கேள்வியை விடாதீர்கள்!