ஏது எங்கே?
கல்லூரிப் பேச்சுப் போட்டியில் கைதட்டல் வாங்கும் மாணவரிடம், ‘நீங்கள் சொன்னதற்கு ஏது, அதாவது காரணம், என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இன்னொரு மேற்கோள்தான் வரும். வாதம் கட்டக் கற்க, தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் வாதம் பற்றி எழுதிய 1958ஆம் ஆண்டு நூல் வரை போக வேண்டியதில்லை (போனால் நல்லதுதான்). மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் வாதத்தைப் பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது, திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று பிரித்துக் காட்டுகிறார்: மலையில் நெருப்புண்டு; புகை இருப்பதால்; அடுக்களை போல. பிறகு ஒவ்வொன்றும் எப்படியெல்லாம் தவறும் என்று போலிகளை நீளமாக அடுக்குகிறார். கதைச் சுவைக்கு அது இடைஞ்சல்தான். இருந்தாலும் கல்லூரி முதலாண்டில், பொறியியல் உட்பட எல்லாத் துறைக்கும் இந்தப் பகுதியைப் பாடமாக வைக்கலாம். தேர்வில் ஒரு நாளிதழ்த் தலையங்கத்தைக் கொடுத்து, ஏது எங்கே பழுதாகிறது என்று மட்டும் கேட்கட்டும். மனப்பாடம் அங்கே உதவாது. விடைத்தாள் திருத்துகிற ஆசிரியருக்கும் கொஞ்சம் சிரமம்தான்.