காட்டுக்கு அனுப்பப்படும் பிள்ளைகள்: இரவில் அவர்களுடன் இருப்பது யார்?

2024 பிப்ரவரி 2 அன்று, நியூயார்க்கைச் சேர்ந்த 12 வயதுச் சிறுவன் ஒருவன் வடக்கு கரோலினா மாநிலத்தின் மலைக்காட்டில் இருந்த ட்ரெயில்ஸ் கரோலினா என்ற முகாமுக்குக் கொண்டுவரப்பட்டான். மறுநாள் காலை 7.45 மணிக்கு அவன் இறந்து கிடந்தான். முகாமில் அவன் ஒரு நாள்கூட முழுதாக இருக்கவில்லை.

அந்த இரவில் நடந்ததைப் பிரேதப் பரிசோதனை அறிக்கை சொல்கிறது. புதிதாக வரும் பிள்ளைகள் தப்பி ஓடிவிடக் கூடாது என்பதற்காக, ஒருவர் மட்டுமே படுக்கக்கூடிய சிறு கூடாரப் பை ஒன்றுக்குள் அவர்களைத் தூங்கவைப்பது அங்கே வழக்கம். பையின் வாயில் அலாரம் பொருத்தப்பட்டிருக்கும். உள்ளே இருப்பவர் திறந்தால் அது ஒலிக்கும். அந்தப் பையில் காற்று நுழைவதற்கான வலை கிழிந்திருந்தது. ஆகவே அதற்குப் பதிலாகத் தண்ணீர் புகாத வெளித் துணியை இழுத்து மூடினார்கள். நள்ளிரவு வாக்கில் சிறுவனுக்குப் பதற்றம் வந்தது. பணியாளர்கள் நள்ளிரவிலும், மூன்று மணிக்கும், ஆறு மணிக்கும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மூடிய துணிக்குப் பின்னால் இருந்த அவன் முகம் அவர்களுக்குத் தெரியவில்லை. மூச்சுத் திணறி இறந்தான் என்றும், இது பிறர் செயலால் நேர்ந்த மரணம் என்றும் மருத்துவ அதிகாரிகள் முடிவு செய்தனர். மாநில அரசு முகாமின் உரிமத்தை ரத்து செய்தது. குற்ற வழக்கு தொடரப்போவதில்லை என்று அரசு வழக்கறிஞர் அறிவித்தார்.

மூன்று முறை பார்த்தும் யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. இதை ஒரு பணியாளரின் கவனக்குறைவு என்று சொல்லி முடித்துவிட முடியுமா? முடியாது என்றே நாம் கருதுகிறோம். அவர்கள் தமக்குச் சொல்லப்பட்டதைச் செய்திருக்கிறார்கள். பிள்ளை தப்பவில்லை என்பதை உறுதிசெய்யத்தான் அந்த ஏற்பாடு. பிள்ளை நலமாக இருக்கிறதா என்பது அதில் இரண்டாவது கேள்வியாகிவிட்டது.

'வில்டர்னெஸ் தெரபி' என்று அமெரிக்காவில் அழைக்கப்படும் இந்தக் காட்டுச் சிகிச்சையின் வேர் 1960களின் பிற்பகுதியில் இருக்கிறது. உட்டாவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் லாரி டீன் ஓல்சன் என்பவர், படிப்பில் பின்தங்கிய மாணவர்களைப் பாலைவனத்துக்கு அழைத்துச் சென்று நெருப்பு மூட்டவும், இருப்பதைக் கொண்டு உயிர் பிழைக்கவும் கற்றுக்கொடுத்தார். திரும்பி வந்த மாணவர்களிடம் மாற்றம் தெரிந்தது. அந்த அனுபவத்தில் உண்மை இருக்கிறது. திறந்த வானத்தின் கீழ் சில வாரங்கள், கையில் செல்போன் இல்லை, தன் சோற்றைத் தானே சமைக்க வேண்டும் என்றால் வளரும் பிள்ளைக்கு அது எதையாவது தரத்தான் செய்யும். இந்த முகாம்கள் தம்மைக் காப்பாற்றின என்று சொல்லும் இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களை நாம் பொய்யர்களாக்க வேண்டியதில்லை.

ஆனால் அது வணிகமானபோது வேறொன்றாக மாறியது. விமானப்படையில் இருந்த ஸ்டீவ் கார்டிசானோ 1988இல் சேலஞ்சர் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1990 கோடையில், இரண்டு மாதத்துக்குள் இரண்டு சிறுமிகள் வெவ்வேறு முகாம்களில் வெப்பத்தாலும் நீரிழப்பாலும் இறந்தனர். ஒருத்திக்கு வயது 15, மற்றவளுக்கு 16. இரண்டாமவள் இறந்தது கார்டிசானோவின் முகாமில். 1992இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பின்னர் அவர் கரீபியன் தீவிலும், அதன் பிறகு பசிபிக்கில் உள்ள சமோவாவிலும் இதே தொழிலை நடத்தினார்.

1994 மார்ச்சில் உட்டாவில் நார்த் ஸ்டார் என்ற முகாமில் 16 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். குடற்புண் வெடித்து வயிற்றுக்குள் நஞ்சாகிப் பரவியிருந்தது. வலிக்கிறது என்று அவன் நாள்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தான். நடக்க முடியாமல் விழுந்தான். நடிக்கிறான் என்றார்கள் உடனிருந்த பணியாளர்கள். முகாமின் உரிமையாளர்களும் பணியாளர்களுமாகச் சிலர், அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாகப் பின்னர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டனர்.

"நடிக்கிறான்" என்ற அந்த ஒரு சொல்லில்தான் இந்த முகாம்களின் மொத்தக் கோளாறும் அடங்கியிருக்கிறது. பிள்ளையைச் சேர்க்கும்போதே பெற்றோரிடம் சொல்லிவைப்பது இது: உங்கள் மகன் கடிதம் எழுதுவான், கொடுமைப்படுத்துகிறார்கள் என்பான், அழைத்துப்போகச் சொல்லிக் கெஞ்சுவான், நம்பாதீர்கள், அது உங்களை வளைக்கும் தந்திரம். பணியாளருக்கும் இதே பாடம்தான். வலி, பயம், அழுகை எல்லாமே தந்திரக் கணக்கில் சேர்ந்துவிட்டால், உண்மையான வலி எந்த வழியாக வெளியே வரும்?

யார் இந்தப் பணியாளர்கள்? பெரும்பாலும் கல்லூரி முடித்த, இருபதுகளில் இருக்கும் இளைஞர்கள். மலையேற்றத்தில் ஆசை, பிள்ளைகளுக்கு உதவ வேண்டும் என்ற நல்லெண்ணம், ஒரு வாரம் போலப் பயிற்சி, முதலுதவிச் சான்றிதழ் ஆகியவற்றோடு வேலைக்கு வருகிறார்கள். எட்டு நாள் தொடர்ந்து காட்டில் இருந்து, பின் சில நாள் விடுப்பு எடுப்பது பல முகாம்களில் வழக்கமான முறை. அந்த எட்டு நாளும் இரவு பகலாகப் பிள்ளைகளோடுதான் இருக்க வேண்டும். தற்கொலை எண்ணம் உள்ளவன், போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவன், ஆட்டிசம் உள்ளவன், தத்தெடுக்கப்பட்ட வீட்டில் ஒட்ட முடியாதவன் என்று எல்லோரும் ஒரே குழுவில் இருப்பார்கள். மனநல நிபுணர் வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ வந்து பேசிவிட்டுப் போவார். பெற்றோர் நாளொன்றுக்கு 500 டாலருக்கு மேல் கட்டுவது அந்த நிபுணரின் பெயரை நம்பித்தான். ஆனால் அதிகாலை மூன்று மணிக்குப் பிள்ளை அழும்போது பக்கத்தில் இருப்பவர் அந்த அமைப்பிலேயே குறைந்த சம்பளமும் குறைந்த பயிற்சியும் உள்ளவர். மருத்துவரை அழைக்க வேண்டும் என்று தோன்றினாலும் அவர் மேலே கேட்டுத்தான் செய்ய வேண்டும். அவர்களிலும் பலர் மனம் நொந்து ஓரிரு ஆண்டில் விலகிவிடுகிறார்கள். அந்த இடத்துக்கு இன்னொரு புதியவர் வருகிறார்.

பிள்ளை அங்கே வந்துசேரும் விதமும் கவனிக்கத் தக்கது. பெற்றோர் பணம் கொடுத்து அமர்த்திய முரட்டு ஆட்கள் பின்னிரவில் படுக்கையறைக்குள் நுழைந்து, தூங்கும் பிள்ளையை எழுப்பிக் காரில் ஏற்றிக்கொண்டு போவார்கள். பெற்றோர் வாசலில் நிற்பார்கள். 18 வயது ஆகாதவரின் சம்மதம் பல மாநிலங்களில் தேவையில்லை என்பதால் இது சட்டவிரோதமும் ஆகாது. மனநலச் சிகிச்சையின் முதல் மருந்தே நம்பிக்கைதான். அதை வீட்டு வாசலிலேயே உடைத்துவிட்டு, காட்டில் போய் எதைக் கட்டுவது?

இந்தச் சிகிச்சை பலனளிக்கிறது என்று காட்டும் ஆய்வுகளும் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை முகாமுக்கு முன்னும் பின்னும் நிரப்பப்பட்ட வினாத்தாள்களை நம்பியிருப்பவை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இருப்பதில்லை. நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால்தான் வீட்டுக்குப் போகலாம் என்று தெரிந்த பிள்ளை வேறு என்ன எழுதும்?

அமெரிக்க அரசுக்கு இவை தெரியாதவை அல்ல. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ 2007 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, காட்டு முகாம்களையும் உள்ளடக்கிய தங்கிச் சிகிச்சை பெறும் இடங்களில் 1990 முதல் ஆயிரக்கணக்கான கொடுமைப் புகார்கள் எழுந்ததைச் சொன்னது. 2005ஆம் ஆண்டில் மட்டும் 33 மாநிலங்களில் 1,619 பணியாளர்கள் இத்தகைய சம்பவங்களில் தொடர்புபட்டிருந்தனர். அடுத்த ஆண்டே பிரதிநிதிகள் சபை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. செனட்டைத் தாண்டி அது சட்டமாகவில்லை. உட்டாவில் பள்ளியொன்றில் தான் பட்ட பாட்டைப் பாரிஸ் ஹில்டன் வெளிப்படையாகச் சொல்லிப் போராடிய பிறகுதான் அசைவு வந்தது. 2021இல் உட்டா கொண்டுவந்த சட்டம் ஆண்டுக்கு நான்கு ஆய்வுகளைக் கட்டாயமாக்கியது. வாரம் ஒருமுறை பிள்ளை யாரும் ஒட்டுக்கேட்காமல் குடும்பத்தோடு பேச வேண்டும் என்றும் விதித்தது. இந்த இரண்டாவது விதிதான் நம் பார்வையில் மிக முக்கியமானது. 2024 டிசம்பரில் அதிபர் பைடன் கையெழுத்திட்ட கூட்டாட்சிச் சட்டம் இந்த அளவுக்குக்கூடப் போகவில்லை. ஆய்வு செய்து பத்தாண்டு காலம் அறிக்கை தருமாறு தேசிய அறிவியல் அகாடமிகளைக் கேட்டுக்கொள்வதோடு அது பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

இது வெள்ளைக்காரப் பணக்காரர்களின் பிரச்சினை, நமக்கென்ன என்று கடந்துபோகச் சிலருக்குத் தோன்றலாம். 2019 செப்டம்பரில் நைஜீரியாவின் கதுனா நகரில், இஸ்லாமியப் பள்ளி என்ற பெயரில் இயங்கிய ஒரு கட்டடத்திலிருந்து 300க்கும் மேற்பட்ட ஆண்களையும் சிறுவர்களையும் போலீசார் மீட்டனர். பலர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். போதையிலிருந்தும் தீய சகவாசத்திலிருந்தும் திருந்தட்டும் என்று பெற்றோரே கொண்டுவந்து விட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். மேற்கு நாடுகளில் வாழும் சோமாலியக் குடும்பங்களில் 'தகன் செலிஸ்' என்றொரு வழக்கம் உண்டு. தடம் மாறும் பிள்ளையைத் தாய்நாட்டுக்கு அனுப்பிப் பண்பாட்டுக்குத் திருப்புவது என்பது அதன் பொருள். இதற்காகச் சோமாலியாவில் நடக்கும் சில மையங்களில் முறையான உரிமமோ மேற்பார்வையோ இல்லை, அடி உதையும் விருப்பத்துக்கு மாறாக அடைத்துவைப்பதும் நடக்கின்றன என்று அமெரிக்க வெளியுறவுத்துறை தன் பயண எச்சரிக்கையிலேயே சொல்லியிருக்கிறது. உட்டாவின் முகாம் உளவியலின் பெயரைச் சொல்கிறது. இவை மார்க்கத்தின் பெயரையும் பண்பாட்டின் பெயரையும் சொல்கின்றன. பிள்ளையின் வாய்ச்சொல்லை யாரும் நம்பாத இடம் என்பதில் வேறுபாடில்லை.

அனுப்பும் பெற்றோரைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. மகன் கையை அறுத்துக்கொள்கிறான், மகள் மூன்று நாளாக வீடு திரும்பவில்லை, ஊரில் மனநல மருத்துவரைப் பார்க்கப் பல மாதம் காத்திருக்க வேண்டும் என்ற நிலையில்தான் அவர்கள் விளம்பரப் படத்தின் மலையையும் சிரிக்கும் முகங்களையும் நம்புகிறார்கள். பிள்ளை அமானிதம் என்று நாம் சொல்கிறோம். ஒப்படைத்தவர் கணக்குக் கேட்பார் என்ற அச்சத்தோடு காக்க வேண்டிய பொருளை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது, அந்தக் கை யாருடையது என்று கேட்பது கடமையல்லவா? இரவில் உடன் இருப்பவர் யார், அவருக்கு என்ன பயிற்சி, மேலே கேட்காமல் மருத்துவரை அழைக்க அவருக்கு அதிகாரம் உண்டா, என் பிள்ளை என்னோடு தனியாகப் பேசலாமா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்றோ, முதல் சில வாரங்களுக்கு மட்டும் வேண்டாம் என்றோ பதில் வந்தால், அங்கே பிள்ளையை விடக் கூடாது.

காட்டை வைத்துச் சிகிச்சை தருவதற்கு இந்த வன்முறை தேவையே இல்லை என்பதற்கு நார்வே சான்று. அங்குள்ள சோர்லாந்து மருத்துவமனை, கரினா ரீபே ஃபெர்னீ உள்ளிட்டோரின் முயற்சியில், மனநலச் சிகிச்சைக்கு வரும் வளரிளம் பருவத்தினரைச் சுமார் பத்து வாரக் காலத்தில் குழுவாகக் காட்டுக்கு அழைத்துச் செல்கிறது. நடத்துபவர்கள் மருத்துவமனையின் சிகிச்சையாளர்கள். சில பயணங்களில் மட்டும் இரவு தங்குகிறார்கள். மற்ற நாட்களில் மாலையில் பிள்ளைகள் தங்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். வருவதா வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்கிறது.